நாற்பத்தொன்றாம் கட்டு

புரட்டாசி 3, வியாழன்

காலை முதல் காற்றே இல்லை. ஏரியில் ஒரு அலை கிடையாது. பண்டகசாலையில் முப்பத்திரண்டு துணிக்கட்டு. புதுக் கயிறு முரடு, இரண்டு பேருக்கு உள்ளங்கை கிழிந்தது. வேப்பெண்ணெய் தடவி அனுப்பினேன்.

மத்தியானம் ஒல்லாந்துத் துரைசானி வீட்டுச் சமையல்காரன் வந்து சொன்னான். அவன் துரைக்குக் கடல் தாண்டிப் பத்தாவியாவுக்கு மாற்றல். வருகிற செவ்வாய் கப்பல். நாகம்மாவும் கூட வர வேண்டுமாம்.

நாகம்மா என் ஒரே மகள். மாப்பிள்ளை சித்திரையில் முகத்துவாரத்தில் சலங்குப் படகு கவிழ்ந்து போனார். வைகாசியில் பிறந்த பிள்ளை இருபது நாள் இருந்தது. அதன்பிறகு துரைசானியின் பிள்ளைக்கு இவள்தான் பால். அது வேறு யாரிடமும் வாய் வைப்பதில்லை.

சாயந்திரம் கேட்டேன்.

"நா போறேன் நைனா. அந்தப் பாப்பா எங்கிட்டதான் குடிக்குது. இங்க குந்திக்கினு நா இன்னா பண்ணப் போறேன்?"

சோறு தின்றேன். கெளுத்திக் குழம்பு. உப்பு இருந்ததா இல்லையா என்று இப்போது நினைவில்லை.

புரட்டாசி 4, வெள்ளி

கட்டு இருபத்தெட்டு. வெயில்.

குப்பம்மாள் காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. (என் மனைவி பெயரை முழுதாக எழுதினால் மை வீண். இனி கு.)

துரைசானி சொல்லி அனுப்பியது: ஆயாவுக்கு ஒரு பெட்டி, ஒரு கை மூட்டை. பெட்டி அடித்தட்டில் சரக்கோடு போகும், வழியில் திறக்க முடியாது. இரண்டு மாதப் பயணம், காற்று ஏமாற்றினால் மூன்று. மூன்று வருஷத்தில் பிள்ளை வளர்ந்ததும் திருப்பி அனுப்புவார்களாம்.

நாகம்மா சொல்லச் சொல்ல, கு. ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, எழுதியது:

புடவை ஐந்து
கம்பளி ஒன்று
சுக்கு, ஓமம், மிளகு
வசம்பு (பிள்ளைக்கு)
எலுமிச்சை ஊறுகாய், ஒரு ஜாடி
புளி உருண்டை, தலைசுற்றலுக்கு
அவல், வெல்லம்
நல்லெண்ணெய்
ஊசி, நூல், சீப்பு
பால்சுறாக் கருவாடு

கடைசிச் சரக்குக்குத்தான் சண்டை. கருவாடு நாறும், துரைசானி கடலில் தூக்கிப் போடுவாள் என்றேன். கு. இன்றைக்கு முதல்முறையாக வாய் திறந்தாள்.

"பால் வத்திப்போனா அவள எவன் வெச்சுக்குவான்? கூட ரெண்டு துண்டு எழுதுய்யா."

எழுதினேன். பெட்டிக்குள் பாதி, கை மூட்டையில் பாதி.

புரட்டாசி 5, சனி

கட்டு முப்பது. ஒன்றில் வேப்பிலை போட மறந்துவிட்டார்கள், பிரித்து மறுபடி கட்டச் சொன்னேன். திட்டினார்கள். கேட்காதது போல் இருந்தேன்.

கோட்டைக்குப் போய் எழுத்தரிடம் நாகம்மாவின் சீட்டு வாங்கினேன். ஒல்லாந்து எழுத்து ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம், அடியில் அரக்கு முத்திரை. தமிழ்ப் பக்கத்தில் இருப்பது: பழவேற்காட்டு நாகம்மா, இடது புருவத்தில் தழும்பு, விலைக்கு வாங்கப்பட்டவள் அல்ல, மூன்று வருஷம் கழித்து ஊர் திரும்ப வேண்டியவள்.

அந்த நடு வரிதான் வேண்டியது. துரைசானி தன்னோடு விலைக்கு வாங்கிய நான்கு பெண்களையும் கூட்டிப் போகிறாள். பஞ்சத்தில் தெற்கேயிருந்து வந்தவர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி நீலத் துணி கொடுத்திருக்கிறது. நாகம்மாவுக்கும் அதே நீலம்.

கு. சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. அரக்கை மட்டும் விரலால் தடவினாள்.

"அங்க எறங்கசொல்ல தலைய எண்ணுவாங்களே, அஞ்சுனு எண்ணிட்டா?"

"அதுக்குத்தானே சீட்டு."

"அப்போ அவ மடியில கட்டிக்கினு போவட்டும்."

சிரித்தேன். சிரித்திருக்க வேண்டியதில்லை. மடியில் கட்டினால் முகத்துவாரத்தில் ஒரு அலை போதும், எழுத்து கரைந்து சாயத் தண்ணீர்தான் மிஞ்சும். மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்றேன். இருபத்தாறு வருஷமாகக் கட்டுகிறேன், ஒரு கட்டில் கூடத் தண்ணீர் புகுந்தது இல்லை. பெட்டியின் நடுவில், புடவைக்குள், மெழுகுத்துணியில் சுற்றி. சலங்கே கவிழ்ந்தாலும் பெட்டி மிதக்கும் என்றேன்.

"சீட்டு மெதந்து இன்னா பண்றது, பொண்ணு முழுகிட்டா?"

நாகம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் முழுகினது எங்கள் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவு வந்திருக்கும்.

கட்டுகிற விஷயத்தில் நான் சொன்னதுதான் சட்டம். கு. அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புரட்டாசி 6, ஞாயிறு

ஒல்லாந்தருக்குக் கோயில் நாள். வேலை இல்லை.

வீட்டில் பெட்டி அடுக்கினோம். அடியில் கம்பளி, அதன்மேல் ஜாடி, சுற்றிலும் அவல். கருவாடு மூன்று சுற்று ஓலைக்குள். சீட்டு நடுவில். நான்கு முறை எடுத்து நான்கு முறை வைத்தேன், திருப்தியில்லை. ஐந்தாம் முறை சரி.

ஓலைக் கிலுகிலுப்பை ஒன்று கூரையில் செருகி இருந்தது. இறந்த பிள்ளைக்குத் தேசப்பன் பின்னிக் கொடுத்தது. தேசப்பன் மாப்பிள்ளையின் அண்ணன், சலங்குக்காரன். நாகம்மா அதைப் பெட்டியில் வைத்தாள். கு. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். எடுத்து மறுபடி கூரையில் செருகினேன். செத்த பிள்ளையின் சாமானை இவள் கடல் தாண்டிச் சுமக்க வேண்டாம் என்பது எங்கள் இருவர் எண்ணமும்.

பகலில் தூங்கினேன். பகலில் தூங்கும் வழக்கம் எனக்குக் கிடையாது.

புரட்டாசி 7, திங்கள்

நாளைக் கப்பலுக்குக் கடைசிக் கட்டுகள். நாற்பது. எல்லாம் தூரிகையால் குறி போட்டு, ஒன்றிலிருந்து எண் போட்டு, இன்றைய பட்டியல் முகத்துவாரத்துக்குப் போயிற்று.

பொழுது சாயும்போது நாகம்மா பெட்டியைக் கொண்டுவந்தாள். வீட்டில் மெழுகுத்துணி ஏது? பண்டகசாலைத் துரையிடம் கேட்டு நாலு முழம் வாங்கியிருந்தேன். பெட்டிமேல் மெழுகுத்துணி, அதன்மேல் கோணி, அதன்மேல் பாய், பிறகு கயிறு. கூலியாட்கள் போய்விட்டார்கள். மேலே ஏறி மிதிக்க ஆள் இல்லை.

"ஏறி உக்காரும்மா."

ஏறி உட்கார்ந்தாள். கயிற்றை இழுத்தேன். அவள் கனமே இல்லை. மறுபடி இழுத்தேன்.

"மெதுவா நைனா. நானும் சேந்து கட்டாயிடப் போறேன்."

சிரித்தாள். சித்திரைக்குப் பிறகு இன்றைக்குத்தான். நானும் சிரித்திருக்கலாம். முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பண்டகசாலை முடிச்சு அவிழாது. போய்ச் சேர்ந்த இடத்தில் அறுக்கத்தான் வேண்டும். அங்கே யாரிடமாவது கத்தி கேள் என்றேன். சரி என்றாள்.

முடித்ததும் தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தோம். வழியில் பேச்சு: ஆரம்பாக்கத்து அத்தை வீட்டு மாடு கன்று போட்டது, கிடாரிக் கன்று.

புரட்டாசி 8, செவ்வாய்

தென்காற்று, மிதம்.

விடிந்ததும் படகில் ஏரி வழியாக முகத்துவாரம். கப்பல் தூரத்தில். சரக்கெல்லாம் மணலில், பக்கத்தில் துரைசானியின் நாற்காலிகள், ஒரு கூண்டுக்கிளி. நீலத் துணியில் ஐந்து பெண்கள். தூரத்திலிருந்து பார்த்தபோது எது நாகம்மா என்று தெரியவில்லை. பிள்ளை யார் இடுப்பில் இருந்ததோ அவள்தான்.

கு. மூட்டையைக் கொடுத்தாள். நான் சொன்னவை:

பெட்டி அடித்தட்டில் பத்திரமாக இருக்கும், தேடாதே.
சீட்டு நடுவில்.
இறங்கியதும் முதலில் பெட்டியைக் கேள்.

"செரி நைனா."

அவ்வளவுதான். சலங்கில் ஏறியதும் பிள்ளை அழுதது, அவள் முந்தானையை இழுத்து மூடிப் பால் கொடுக்க ஆரம்பித்துவிட்டாள். தலை குனிந்தே இருந்தது. தேசப்பன் சுக்கான் பிடித்தான். மூன்று அலை தாண்டினார்கள். நான்காவதில் சலங்கு தூக்கியது, கு. என் கையைப் பிடித்தாள். தாண்டிவிட்டது.

மத்தியானம் பண்டகசாலைக்குப் போனேன். வேலை இல்லை, இருந்தும் போனேன்.

புரட்டாசி 9, புதன்

கப்பல் காலையில் தெரியவில்லை.

கட்டு பதினான்கு. கயிறு பழையது. கஞ்சி.

புரட்டாசி 10, வியாழன்

கட்டு பதினெட்டு.

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கை மரத்துப் போனால் கிள்ளிப் பார்ப்போமே, அப்படிக் கிலுகிலுப்பையைப் பார்க்கலாமென்று கூரையில் தேடினேன். இல்லை. கு. எடுத்து எறிந்திருப்பாள். கேட்கவில்லை.

புரட்டாசி 11, வெள்ளி

இந்த வருஷத்தின் கடைசிக் கப்பல் வந்து நிற்கிறது. வாடைக்காற்று தொடங்குமுன் போயாக வேண்டும். பண்டகசாலைத் துரை அவசரப்படுத்துகிறார்.

கட்டு இருபது. கூலியாள் ஒருவன் சொன்னான், "மூலைல ஒரு பூன கெடந்து சுத்துது மேஸ்திரி, தொரத்துனாலும் போவ மாட்டேங்குது." எலி இருக்கும் என்றேன்.

புரட்டாசி 12, சனி

பூனையைத் துரத்தப் போனேன்.

மூலையில் தனியாக ஒரு கட்டு. குறி சரி. எண் சரி, 41. முடிச்சு என்னுடையது. எந்தக் கப்பலின் மிச்சம் என்று புரட்டிப் பார்த்தேன்.

உள்ளே கிலுகிலு என்றது.

துணிக்கட்டு சத்தம் போடாது.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கூலியாள் தண்ணீர் கொண்டுவந்தான், குடித்தேன்.

சாயந்திரம் தேசப்பனைத் தேடிப் போய்க் கேட்டேன். அது நாகம்மாவின் பெட்டி என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பட்டியல்ல நாப்பதுதான் மாமா இருந்துச்சு. கட்டு நாப்பத்தொண்ணு இருந்துச்சு. நீங்கதான சொல்லிக்கிறீங்க, பட்டியல்ல இல்லாத கட்ட ஏத்தாதன்னு. தனியா வெச்சு, திரும்பி வர்ற படகுல பண்டகசாலைக்கே அனுப்பிட்டேன். ஏன் மாமா?"

நான் சொன்னதுதான். நான்கு வருஷம் முன்பு இரண்டு கப்பலின் சரக்கு மாறிப் போனபோது நானே துரையிடம் சொல்லிப் போட்ட விதி அது. குறி இருந்து பட்டியலில் இல்லையென்றால் கரையிலேயே நிற்கட்டும். குறி இல்லாத பெட்டியாக இருந்திருந்தால் பயணிகள் சாமானோடு போயிருக்கும்.

திங்கட்கிழமை கட்டி முடித்ததும் கை தானாகத் தூரிகையை எடுத்திருக்கிறது. நாற்பதுக்கு அப்புறம் நாற்பத்தொன்று. எனக்கு அது நினைவே இல்லை. இந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தால், தூரிகையைக் கழுவினேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். எதற்குக் கழுவினேன் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

தேசப்பனிடம் சொன்னேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். "யானைக்கும் அடி சறுக்கும் மாமா" என்றான். அடி சறுக்கியது யானைக்கு, மிதிபட்டது வேறு ஒருத்தி.

புரட்டாசி 13, ஞாயிறு

மேகம். மழை இல்லை.

பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கு. வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். பாய்க்கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

கயிற்றை அறுத்தேன். மேலாகவே கிலுகிலுப்பை இருந்தது. நான் எடுத்து வெளியே வைத்ததை, கட்டுவதற்கு முன் அவள் திரும்ப வைத்திருக்கிறாள். நடுவில் சீட்டு, ஒரு பொட்டு ஈரம் இல்லை. நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன்.

கு. திட்டுவாள் என்று இருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஜாடியை எடுத்து ஊறுகாய் கெட்டுவிட்டதா என்று முகர்ந்தாள். மூடி வைத்தாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அடித்தட்டுல இருக்குதுன்னு நெனச்சிக்கினு இருப்பா."

"தேட வேணாம்னு நீதான சொன்ன."

"ஆமாம்."

எண்ணிப் பார்த்தேன். இறங்குகிற அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் தலை எண்ணுவார்கள். துரைசானி நல்லவள், சொல்லுவாள். ஆனால் துரைசானி இந்த ஊரிலேயே வருஷத்தில் பாதி படுக்கையில் கிடந்தவள். கடலில் அவளுக்கு ஏதாவது ஆனால், அவள் துரை கண்ணுக்கு நீலத் துணியில் ஐந்து பேர்தான்.

இதையெல்லாம் எழுதுகிறேன், எழுத்து நேராக வருகிறது. நெஞ்சில் எதுவும் இல்லை. பயமாக இருக்கிறது, அந்த ஒன்றும் இல்லாதது.

புரட்டாசி 14, திங்கள்

காலையில் பண்டகசாலைத் துரையிடம் போனேன். சீட்டை மட்டும் கடைசிக் கப்பலில் அனுப்ப முடியுமா என்றேன். துபாஷி ஒல்லாந்தில் மாற்றிச் சொன்னார். யார் கையில் கொடுப்பது, அங்கே யார் தேடிப் பிடிப்பது என்றார் துரை. நியாயம்தான்.

அப்புறம் நான் கேட்டது எனக்கே தெரியாமல் வந்தது. போன வருஷம் அடித்தட்டில் வேறு ஊர்க் கட்டுகள் நனைந்து வீணாயின. கட்டத் தெரிந்த ஆள் ஒருவன் கூடப் போனால் வழியில் பிரித்துக் காய வைத்துத் திரும்பக் கட்டலாம். நான் போகிறேன்.

துரை என் தலைமயிரைப் பார்த்தார். வெள்ளை. துபாஷி தமிழில் தாழ்ந்த குரலில், "இன்னா மேஸ்திரி, இந்த வயசுல?" என்றார். துரை ஏதோ சொல்லிச் சிரித்தார். போகலாமாம். வியாழக்கிழமை.

திரும்பி வருவது பற்றி அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு யார் சீட்டு எழுதுவது?

கு.விடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்து முடித்துத் தண்ணீரைக் கொட்டினாள்.

புரட்டாசி 16, புதன்

காற்று மாறப் பார்க்கிறது. ஏரி கலங்கல்.

கட்டு கட்டவில்லை. வேறு ஒருவனிடம் தூரிகையைக் கொடுத்துவிட்டேன். கட்டை முடித்த கையோடு குறி போடாதே, ஒரு மூச்சு நின்று, உள்ளே இன்னது இருக்கிறதென்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போடு என்றேன். அவன் விளங்காமல் தலையாட்டினான்.

என் மூட்டை. கு. கட்டினாள். என்னைத் தொடவிடவில்லை.

வேட்டி இரண்டு
சுக்கு
அவல்
நாகம்மாவின் புடவை மூன்று
ஊறுகாய் ஜாடி (நடுவில், புடவைக்குள்)
பால்சுறா
கிலுகிலுப்பை

கடைசியில் இருப்பதை நான் வைக்கச் சொல்லவில்லை. அவளே வைத்தாள்.

சீட்டை மெழுகுத்துணியில் சுற்றித் துணி நாடாவில் தைத்து என் இடுப்பில் கட்டினாள். இரண்டு சுற்று. அவள் போட்டது வீட்டு முடிச்சு, இழுத்தால் அவிழும். வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை.

கட்டிக்கொண்டே சொன்னாள், "ரெண்டு பேரா வாங்க. ஒருத்தரா வந்தா கதவத் தொறக்க மாட்டேன்."

அப்போதுதான் அழுதேன். நின்றபடியே. அவள் முடிச்சை விடவில்லை.

புரட்டாசி 17, வியாழன்

முகத்துவாரம். சரக்கு ஏறுகிறது. வாடை லேசாக. அலை அன்றைக்கு இருந்ததைவிட உயரம்.

கு. வரவில்லை. கூழ் கரைத்துக் கொடுத்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தத் தாள்களை மூட்டையில் வைக்கவில்லை. தேசப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் படிக்க மாட்டாள், அரிசிப் பானைக்கு அடியில் வைப்பாள். அது போதும்.

இடுப்பில் சீட்டு உறுத்துகிறது. மடியில் கனம் இருக்கிறது, வழியில் பயமும் இருக்கிறது.

தேசப்பன் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றுகிறான். என் பெயர் இருக்கிறதா பார் என்றேன்.

"இன்னிக்குப் பட்டியல்ல கட்டுங்க இருவத்தாறு மாமா. அதுக்குக் கீழ நீங்க."

பட்டியலில் இருக்கிறேன். ஏற்றுவார்கள்.